நாலாம் லேனில் யார் பாடு

பந்து ஈரமாக இருந்தது.

வெண்ணிலா அதைத் துடைத்து அடுக்கில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அது காய்ந்துதான் இருந்தது, அதற்கடுத்ததும் அப்படியே. அந்தக் கறுப்புப் பந்தில் மட்டும் மூன்று விரல் ஓட்டைகளிலும் தண்ணீர் தேங்கியிருந்தது. துடைத்த துணியை மோந்து பார்த்தாள். ஏரிச் சேற்று வாடை. ஏசி சொட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஏசித் தண்ணீரில் சேறு எப்படி மணக்கும் என்று யோசிக்க அவளுக்கு அன்று பொழுதில்லை. போன ஆடியிலிருந்து காத்திருந்த வேலை ஒன்று பாக்கி இருந்தது.

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு வருகிற ரோட்டில், பூநாரை பார்க்க வரும் பட்டணத்துக்காரர்கள் பந்து உருட்டவும் வருவார்கள் என்று எந்தப் புண்ணியவானோ கனவு கண்டு கட்டிய பௌலிங் சென்டர் அது. நாலே நாலு லேன். பட்டணத்துக்காரர்கள் பூநாரையைப் பார்த்தார்கள், மீன் வறுவல் தின்றார்கள், காரைத் திருப்பிக்கொண்டு போனார்கள். பந்து உருட்டியதெல்லாம் சுற்றுவட்டாரத்து ஜனம்தான். கொஞ்ச காலம் ஓடியது, பிறகு படுத்துவிட்டது. இன்று கடைசி நாள். காலையிலேயே ஆட்கள் வந்து மூன்று லேன் மிஷின்களைக் கழற்றி லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். நாலாவதை நாளைக்குக் கழற்றுவார்களாம்.

இங்கே ஷூ கொடுத்து வாங்குகிற கவுண்டர் வெண்ணிலாவுடையது. பின்பக்கம் மிஷின் பார்த்தவன் அவள் புருஷன் வினோத். லைட்ஹவுஸ் குப்பத்தில் ஃபைபர் படகு இன்ஜின்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்த கை, இதையும் சீக்கிரம் பிடித்துக்கொண்டது.

இந்த இடத்தை அவள் நேசித்தாள். அதைச் சொல்ல அவளுக்கு ஒரு வெட்கமும் இல்லை. கஸ்டமர்கள் போன பிறகு ஸ்டாஃப் மட்டும் ஒரு ஆட்டம் போடுவார்கள். அப்போது பேச்செல்லாம் குப்பத்துப் பேச்சு. பந்தால் சாய்க்க வேண்டிய பின்களுக்குப் பொம்மை என்று பேர், ஓரத்துப் பள்ளத்துக்கு வாய்க்கால். ஆட வேண்டியவர் முறைக்குப் பாடு. ஏரியில் இன்றைக்கு இந்த இடத்தில் வலை போடுவது யார் என்று முறை வைத்துப் பிரிப்பார்களே, அதே பாடு. முதல்முதலாக அவள் பந்தைத் தூக்கப் பயந்து நின்றபோது, வினோத் பின்னால் வந்து அவள் விரல் மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிடித்து ஓட்டைக்குள் வைத்தான். "உன் பாடு மே, போடு" என்றான். பந்து நேரே வாய்க்காலுக்குப் போனது. அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே அவள் பல நாள் வேண்டுமென்று வாய்க்காலில் விட்டிருக்கிறாள்.

பாடு விஷயத்தில் குப்பத்தில் ஒரு கட்டு உண்டு. பேர் சொல்லிக் கூப்பிட்டால் கூப்பிட்டதுதான். அந்த ஆள் வந்து வலை இறக்குகிறவரை முறை அடுத்தவனுக்கு நகராது. அதனால் ஒருவன் செத்துப்போனால் முதல் காரியமாக அவன் பேரை முறையிலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுக்காமல் கூப்பிடுகிற துணிச்சல் யாருக்கும் கிடையாது.

போன ஆடியில் ஒருநாள், சாய்ந்த பொம்மைகளை நிமிர்த்தி வைக்கிற நாலாம் லேன் மிஷினில் ஒரு பொம்மை சிக்கியது. உள்ளே இறங்குமுன் வினோத் எப்போதும் முன்பக்கச் சுவிட்சை அணைத்து, அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போவான். தண்ணீருக்குள் வலை கிடக்கிறது என்று காட்ட ஏரியில் கழி நட்டுத் துணி கட்டுகிற பழக்கம். ஆள் உள்ளே இருக்கிறான், தொடாதே என்று அர்த்தம். அன்றைக்குக் காலேஜ் பிள்ளைகள் கூட்டமாக வந்து கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் தமிழ்வாணன் பொறுமையில்லாமல் வந்து, அந்தத் துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சுவிட்சைத் தட்டினான். கவுண்டரிலிருந்து வெண்ணிலா பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து அவள் பேரைச் சொல்லி வந்த வினோத்தின் அலறல் பாதியில் அறுந்தது. துணியே கட்டவில்லை, வினோத்தின் கவனக்குறைவு என்று தமிழ்வாணன் சொன்னது எடுபட்டது. அவள் சொன்னது எடுபடவில்லை. துணியும் அப்புறம் யார் கண்ணிலும் படவில்லை.

வினோத்தை ஏரிக்கரைச் சேற்றில் புதைத்த பிறகு, வேலையை விட்டுவிடச் சொன்னார்கள் உறவுக்காரர்கள். அவள் விடவில்லை. தமிழ்வாணன் தன் கண்ணெதிரே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவனுக்கு ஷூவும் டீயும் எடுத்துக் கொடுத்தாள், "சரிங்க சார்" என்றாள், உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள். இன்று விட்டால் அவன் வேறு ஊர் போய்விடுவான். அதனால்தான் காலையில் லாரி சந்தடியில் பின்பக்கம் போய், நாலாம் லேன் மிஷினுக்குள் ஒரு பொம்மையைக் குறுக்கே சொருகிவிட்டு வந்தாள். மெக்கானிக் கிடையாது. சிக்கினால் தமிழ்வாணன்தான் இறங்கியாக வேண்டும்.

மத்தியானம் சாய்ந்துகொண்டிருந்தது. வெளியே வெயில் கொளுத்தினாலும் ஜன்னல் இல்லாத அந்த ஹாலுக்குள் எப்போதும் ஒரே இருட்டுதான். டிக்கெட் கவுண்டர் ரய்யான், பழவேற்காட்டுப் பையன், எல்லோருக்கும் டீயும் சமோசாவும் வாங்க பைக்கில் போயிருந்தான். தமிழ்வாணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கடைசியாக ஒரு கேம் ஆடலாமா என்று கேட்டான். இவள் கேட்க இருந்ததை அவனே கேட்டான். நாலாம் லேன் ஸ்கிரீனைப் போட்டதும் ஸ்டாஃப் கடைசியாக ஆடிய பழைய ஆட்டத்தின் பேர்கள் அப்படியே வந்தன. ஆடி மாதத்துக்கு அப்புறம் அந்த லேனை யாரும் திறக்கவே இல்லை.

வினோத். தமிழ்வாணன். வெண்ணிலா.

தமிழ்வாணன் அழிக்கப் போனான். இருக்கட்டும் சார் என்றாள். அவன் முகம் போன போக்கைப் பார்க்க அவளுக்கு இனித்தது. இன்னும் கொஞ்சம் நோகட்டும் என்று, எல்லாவற்றையும் மறந்து, வாய்விட்டுக் கூப்பிட்டாள்.

"வினோத், உன் பாடு."

காலியான மூன்று லேன்களிலும் மோதித் திரும்பி வந்தது குரல். கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது. பேரை எடுக்காமல் கூப்பிட்டுவிட்டோம்.

"இன்னா வெண்ணிலா இது" என்று முனகியபடி தமிழ்வாணன் அடுத்த ஆளுக்கு மாற்றும் பட்டனை அழுத்தினான். மாறவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினான். வினோத் பேர்தான் மினுங்கிக்கொண்டிருந்தது. லேன் கோடியில் மிஷின் ஒருமுறை உறுமி, சொருகிய பொம்மையைக் கடித்துக்கொண்டு நின்றது. சிக்கிக்கினு இருக்கு சார், நீங்கதான் பார்க்கணும் என்றாள்.

அவன் சுவிட்சை அணைத்தான். அவள் பக்கம் திரும்பினான்.

"சுவிட்சத் தொடாதம்மா" என்றான்.

அவன் செருப்புச் சத்தம் சுவரோரமாகப் போய், பின்பக்கக் கதவைத் திறந்து, மரப் பலகைமேல் ஏறி, மிஷினுக்குள் இறங்குகிறவரை ஒவ்வொன்றாகக் கேட்டாள். கூடவே இன்னொரு சத்தமும் இருந்தது. வெறுங்காலை ஈரத் தரையில் வைத்து எடுக்கிற சத்தம். ஏசி நின்றிருந்தது. இருந்தும் ஹாலே குளிர்ந்து கிடந்தது. சேற்று வாடை இப்போது துணியில் இல்லை, காற்றில் இருந்தது.

சுவிட்சுக்குப் போனாள்.

அதில் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. தன் உயிர் என்றதும் துணி ஞாபகம் வந்துவிட்டதா இவனுக்கு. தன் உடம்பு என்றதும் கட்டத் தெரிந்துவிட்டதா. எத்தனை ராத்திரி இந்தத் துணியைக் கனவில் கண்டு விழித்திருக்கிறாள். அவன் அன்று பிடுங்கினானே, அப்படியே, ஒரே இழுப்பில் பிடுங்கினாள். சுவிட்சைத் தட்டினாள்.

மிஷின் எழுந்தது.

பல் சக்கரம் கடித்தது. பலகை ஆடியது. அலறல் வந்தது.

இரண்டு அலறல்.

ஒன்று தமிழ்வாணனுடையது. இன்னொன்று அவளுக்குத் தெரிந்த குரல். அன்றைக்குக் கேட்ட அதே குரல், அதே இடத்தில் அறுந்தது. அதே பேரைச் சொல்லி அறுந்தது.

"வெண்ணிலா..."

கையில் துணி சொட்டிக்கொண்டிருந்தது. விரித்துப் பார்த்தாள். முடிச்சு அவிழாமல் இருந்தது. வலை பின்னுகிறவன் போடுகிற முடிச்சு. தமிழ்வாணனுக்குப் போடத் தெரியாத முடிச்சு.

ஆள் உள்ளே இருக்கிறான், தொடாதே.

கூப்பிட்டது அவள்தான். கூப்பிட்டதால்தான் வந்தான். வந்தவன் சிக்கியதைச் சரி பண்ண உள்ளே இறங்கினான், எப்போதும்போலத் துணியைக் கட்டிவிட்டு. அவள் பிடுங்கிவிட்டாள்.

சுவிட்சை அணைத்தாள். மிஷின் நிற்கவில்லை. மறுபடி அணைத்தாள். நிற்கவில்லை. வாசலுக்கு ஓடினாள். கண்ணாடிக் கதவு அசையவில்லை. வெளியே வெயில். ரோட்டில் மீன் கூடைகளோடு ஷேர் ஆட்டோ ஒன்று போனது. கதவை அறைந்தாள், கத்தினாள். ஆட்டோ போய்விட்டது.

பின்னால் ஸ்கிரீன் மாறுகிற சத்தம். திரும்பி நாலாம் லேன் முனைக்கு ஓடி வந்தாள்.

வினோத் பேர் அணைந்தது.

தமிழ்வாணன் பேர் வந்தது. அணைந்தது.

வெண்ணிலா.

அவள் பேர் மினுங்கியது. லேன் கோடியில் விளக்கு எரிந்தது. மிஷின் பொம்மைகளை மெல்ல இறக்கி வைத்துவிட்டு மேலே போனது. வெள்ளை வெளேரென்று எல்லாம் வரிசையாக நின்றன. முன்னால் நின்ற பொம்மைக்குக் கண்ணாடி போட்டிருந்தது. தமிழ்வாணனின் கண்ணாடி. ஒரு பக்கம் விரிசல். அந்தக் கண்ணாடிக்குள் ஏதோ இமைத்தது.

தரைக்கு அடியில் உருண்டு உருண்டு வந்தது பந்து. மேலே ஏறி அவள் முன்னால் வந்து நின்றது. கறுப்புப் பந்து. ஓட்டைகளில் தண்ணீர் ததும்பியது.

தொடக்கூடாது.

கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்த மூச்சு. சேற்று மூச்சு. ஒரு கை அவள் கையைப் பிடித்தது. அந்தப் பிடியை அவளுக்குத் தெரியும். ஒரு விரல். இன்னொரு விரல். மூன்றாவது. ஒவ்வொன்றாக, பதமாக, ஓட்டைக்குள் வைத்தது.

உள்ளேயிருந்து விரல்கள் வந்து அவள் விரல்களைப் பற்றிக்கொண்டன.

இழுத்தாள். விடவில்லை.

"உன் பாடு மே" என்றது அவள் காதோரத்தில். இந்த முறை அதில் சிரிப்பில்லை.

பந்து உருளத் தொடங்கியது. கோட்டைத் தாண்டி, எண்ணெய் பூசிய பலகைமேல் அவள் முழங்கால் வழுக்கியது. எதிரே கண்ணாடி போட்ட பொம்மை, கொஞ்சம் நகர்ந்து, தன் பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டது.