டி டிரைவில் மிச்சம் நாற்பது

நாற்காலி சுவரில் இடிக்கவில்லை.

ஒன்பது வருடமாக, கணினி முன்னாலிருந்து காலால் உந்திப் பின்னால் உருண்டால் அது போய் முட்டும் இடம் அந்தச் சுவர்தான்; அங்கே ஒரு கரிய தழும்புகூட உண்டு. இன்று நாற்காலி உருண்டது, உருண்டுகொண்டே போனது, அறையின் நடுவில் தானாக நின்றது. தரையைத் துடைத்திருப்பதால் வழுக்குகிறது என்று நிபுணர் முடிவு கட்டினார்.

நிபுணர் என்பது குடியிருப்புவாசிகள் கொடுத்த பட்டம். மூன்றாவது மாடிக்காரரின் பிரிண்டரை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்ட சாதனைக்காகக் கிடைத்தது. அவரும் அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார்.

இன்றைய காரியம் பெரியது. கணினியில் அவருடைய சி டிரைவ் காலை வணக்க வீடியோக்களால் நிரம்பி வழிந்தது. பக்கத்து டி டிரைவ் மனைவியுடையது. பதினோரு வருட மொழிபெயர்ப்பு வேலை மொத்தமும் அதில். அங்கிருந்து நாற்பது ஜிபியை இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டால் தீர்ந்தது. ஒன்பது நிமிட விளக்க வீடியோவில் ஆறு நிமிடம் பார்த்ததே அவருக்குப் போதுமானதாக இருந்தது. மென்பொருள் டிஸ்கை ஒரு நீளக் கட்டமாக வரைந்து காட்டியது. இடது கோடியில் சி, வலது கோடியில் டி, நடுவில் பெயரில்லாத ஒரு மெல்லிய கீற்று. பெயரில்லாததற்கு என்ன மரியாதை? அதை அழிக்கச் சொல்லி, ஒரு பெட்டியில் நாற்பது என்று அடித்து, தொடங்கு என்பதை அழுத்திவிட்டுத்தான் நாற்காலியைப் பின்னால் உந்தியிருந்தார்.

"ஏங்க, என்னோடதையெல்லாம் வேற எதுலயாவது காப்பி பண்ணிட்டுதானே கை வெச்சீங்க?" உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்.

"எனக்கே பாடம் எடுக்கிறியா? அதெல்லாம் ஆச்சு."

ஆகவில்லை.

டிஸ்க் பல்லை நறநறவென்று கடிப்பதுபோல ஓடியது. எங்கிருந்தோ ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்தது. பகல் வெளிச்சம் தரையில் வழக்கத்தைவிட நீளமாக விழுந்தது. அந்த வெளிச்சத்தில் பொடிப்பொடியாகத் தூசி, யாரோ சுவரைச் சுரண்டுவதுபோல, விடாமல் மிதந்தது. பன்னிரண்டு சதவீதம்.

"ஏங்க, பீரோ ஏன் கட்டில்ல வந்து இடிக்குது?"

"நீ தள்ளியிருப்ப."

"ஆமா, நாலு ஆள் புடிச்சாலும் நகராத பீரோவை நான் ஒத்தைக் கையால தள்ளினேனாக்கும்! வந்து பாருங்களேன்."

நிபுணர் திரும்பினார். முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவே நாலடி நடை ஒன்று உண்டு. செருப்பு அலமாரி, குடை மாட்டும் ஆணி, மங்கிய பல்பு. அது இல்லை. இடித்த தடம்கூட இல்லை. உள்ளறைக் கதவு நேராக முன்னறையில் வந்து நின்றது.

அவருக்குப் புரிந்துவிட்டது: அழித்த கீற்று இந்த நடை; டி, அவள் இருக்கும் உள்ளறை. வெளியே வா என்று ஒரு சத்தம் போட்டால் போதும். ஆனால் ஏன் என்று கேட்பாளே? செய்ததைச் சொல்ல வேண்டும். இருட்டுவதற்குள் அவள் தங்கை வரை செய்தி போய்விடும். டியின் நானூறு ஜிபியில் நாற்பதுதானே போகிறது? ஒரு பீரோ அகலம். அதோடு நின்றுவிடும்.

நிச்சயம் செய்துகொள்ளத் திரையைப் பார்த்தார்.

எவ்வளவு எடுக்க வேண்டும் என்று அந்தப் பெட்டி கேட்டிருக்கவில்லை. எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தது.

மிச்சம் நாற்பது.

"வெளிய வா! உடனே வா!"

"கட்டில் கதவை அடைச்சுக்கிட்டு நிக்குதுங்க. நகரவே மாட்டேங்குது." குரலில் இப்போது கேலி இல்லை. "ஏங்க... ஜன்னலைக் காணோம்."

கதவில் தோளைக் கொடுத்தார். அசையவில்லை. ஓடிவந்து ரத்து என்பதை அழுத்தினார். அது சாம்பல் பூத்து, வேலை செய்யாமல் கிடந்தது. பிளக்கில் கை வைத்தார். திரையில் சிவப்பெழுத்து: இடையில் மின்சாரம் நின்றால் டி முழுவதும் அழிந்துவிடும்.

கையை எடுத்தார்.

அறுபது சதவீதம். உள்ளே மரம் முறிந்தது.

எழுபத்தைந்து. கதவு இளைத்தது. முழ அகலம். சாண் அகலம்.

"ஏங்க... மூச்சு..."

எண்பத்தெட்டு. விரல் அகலம்.

பிறகு சுவர். வழவழவென்று, வெள்ளையடித்த சுவர். நெஞ்சு உயரத்தில், சுண்ணாம்பு உலராத ஓரிடத்தில், நான்கு விரல்நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக மடங்கின. நீண்டன. அவரைத் தேடின.

முதுகுக்குப் பின்னால் முன்னறை, மண்டபம்போல, இன்னும் பெரிதாகிக்கொண்டிருந்தது.