செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா!

ட்ரிங்... ட்ரிங்...

மிளகாய் அரைபடும் இரைச்சலில் தொலைபேசி அலறியது சாரங்காவுக்குக் கேட்கவில்லை.

அவளுடைய மில்லில் வேலை செய்யும் கிருசாந்திதான் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். ஓடி என்பது ஒரு பேச்சுக்கு. நாலடி வைத்தாலே மூச்சு இரைக்கும் பிள்ளை அவள்.

“அக்கா... போன்... கல்லுவாடி ராசண்ணை...”

“ஏனடி ஓடி வாறாய்? டொக்டர் என்ன சொல்லி விட்டவர்? இரு முதல்ல!”

கிருசாந்தி மிளகாய் மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. சாரங்கா மிசினை நிறுத்திவிட்டுத் தொலைபேசியைக் காதில் வைத்தாள்.

“ஓம், சொல்லுங்கோ ராசண்ணை.”

“பிள்ளை... மூக்கன் செத்துப்போட்டான்!”

“என்ன விசர்க்கதை இது? நேற்றுத்தானே சரக்குத்தூள் வாங்கிக்கொண்டு போனவன்!”

“மிசின்ல கரண்ட் அடிச்சது, பிள்ளை! கண்ணுக்கு முன்னால விழுந்தான். அம்புலன்ஸ் வந்து ஏத்தேக்கையே உயிர் இல்லை. ஐயோ... என்ர வலது கை போட்டுது!”



ஐயோ மூக்கா! கொஞ்சம் உறைப்பாத் தாங்கோ அக்கா, நாக்குச் செத்துப்போச்சு என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவன். நாக்குத்தான் செத்துப்போச்சு என்றான், பாவி!

“ஒருக்கா உடன வா, பிள்ளை. காப்புறுதிக்கு உன்ர கையெழுத்து வேணும். நீயெல்லே தலைவி!” என்றார் ராஜரத்தினம்.

தலைவி!

அந்தப் பட்டத்தை அவளாகத்தான் தேடிக்கொண்டாள். கிளிநொச்சியில் அவளிடம் வேலை செய்வது மூன்றே பேர். ராஜரத்தினத்தின் சீமெந்துக் கல் வார்க்கும் கல்லுவாடியில் நாலு பேர். பக்கத்துப் பேக்கரியில் ஐந்து. இவர்களில் ஒருவருக்குத் தனியாக வைத்தியக் காப்புறுதி எடுக்கப் போனால், கொம்பனிக்காரர் சொல்லும் தொகையைக் கேட்டே நெஞ்சுவலி வந்துவிடும்.

தனிமரம் தோப்பாகாது என்று சாரங்காதான் கடை கடையாக ஏறி இறங்கினாள். எல்லாரும் ஒரே குழுவாகச் சேர்ந்தார்கள். பாதியை முதலாளி கட்ட, பாதியைத் தொழிலாளி கட்ட, ஆளுக்குத் தினம் ஒரு பிளேன்ரீக் காசுதான் வந்தது! விபத்தில் செத்தால் உரித்தாளியாகப் பெயர் கொடுத்தவருக்குப் பெருந்தொகையும் உண்டு.

சேர்ந்து கொஞ்சக் காலத்தில்தான் கிருசாந்தியின் இருதய வால்வு பழுது என்று தெரிந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன் இலவசம்தான். ஆனால் வரிசை நீளம். அவளுடைய மூச்சு அவ்வளவு நீளம் இல்லை. காப்புறுதியால் தனியார் ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்திருந்தது.

வருகிற திங்கட்கிழமை.

“அக்கா, என்னக்கா? ஆருக்கு என்ன?” கிருசாந்தி கேட்டாள்.

“ஒண்டுமில்லை. நீ இரு, வாறன்.”

ஸ்கூட்டி பறந்தது.

*

கல்லுவாடி வாசலில் ஏற்கெனவே வெள்ளைக்கொடி. அதற்கு மேலே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு பெரிய பனர்!

‘கண்ணீர் அஞ்சலி’ என்று கொட்டை எழுத்து. நடுவில் மூக்கன் பல்லைக் காட்டிச் சிரித்தான்.

காப்புறுதி அட்டைக்காகச் சாரங்காவே தன் தொலைபேசியில் எடுத்த படம் அது. வாழ்க்கையில் அவனை யாரும் எடுத்த ஒரே படமும் அதுதான். உறவு என்று சொல்ல ஒரு குஞ்சு குருமான் இல்லாதவன்.

“எல்லாருக்கும் முந்தி நான்தான் கட்டினன், பிள்ளை. நாளைக்கு ஊர் சொல்லக்கூடாது, ராஜரத்தினம் தன்ர தொழிலாளிக்கு ஒரு பனர்கூடக் கட்டேல்ல எண்டு.”

ராஜரத்தினம் சால்வையால் கண்ணைத் துடைத்தார். துடைப்பதற்குக் கண்ணில் ஒன்றும் இருக்கவில்லை!

பொலிஸ் சார்ஜன்ட் அஸ்மின் கொட்டகைக்குள் நின்றார். வவுனியாக்காரர். அதிகம் கதைக்காத மனிதர். மெயின் சுவிச்சை நிறுத்தி, யாரும் போடாதபடி அதில் தன் கைலேஞ்சியைக் கட்டி வைத்திருந்தார்.

“பிரேதம் எங்க, சேர்?” சாரங்கா கேட்டாள்.

“ஆஸ்பத்திரியில. விசாரணை முடியுமட்டும் ஒருதரும் பாக்கேலாது.”

அவள் கண்கள் சுற்றின.

கல் அமத்தும் மிசின். அதன் நெற்றியில் சந்தனப் பொட்டு. காலடியில் உடைத்த தேங்காய், கரிந்த கற்பூரம். நிலம் முழுக்க மஞ்சள் தண்ணீர்.

கொட்டகை வாசலில்... ஒரு சோடி றப்பர் செருப்பு. மூக்கனுடையது.

“இது என்ன அண்ணை, பூசையோ?”

“ஓம், பிள்ளை. காலமை மிசினுக்குப் பூசை போட்டனான். பூசை போட்ட இடமெண்டு பாவி செருப்பைக் கழட்டிட்டு ஏறினான். விதி! வேற என்ன?”

சாரங்கா கரிந்த கற்பூரத்தைப் பார்த்தாள்.

வாணிவிழாப் பூசைக்கே கற்பூரச் செலவு கண்டு முகம் சுளிக்கும் மனிசன் இவர். சும்மா ஒரு நாளில் மிசினுக்குப் பூசையா?

ராஜரத்தினம் அவளை ஒரு ஓரமாகக் கூட்டிப்போனார். குரல் தணிந்தது.

“வவுனியாவிலயிருந்து காப்புறுதி மிஸ் வாறா. விபத்துத்தான் எண்டு நீ ஒரு கையெழுத்து வைச்சா அலுவல் முடிஞ்சுது. அவனுக்கு ஆருமில்லை. உரித்தாளி எண்டு என்ர பேர்தான் இருக்கு. நீதானே அப்ப போடச் சொன்னனீ?”

சொன்னவள் அவள்தான். ஆருமில்லாதவனுக்கு முதலாளி இருக்கட்டும் என்று நம்பிச் சொன்னாள்.

“வைக்காட்டி?”

“வைக்காட்டிக் கொம்பனி துருவும். துருவினால் கள்ளக்குழு எண்டு எல்லாரையும் காப்புறுதியிலயிருந்து வெட்டும். பிறகு...” ராஜரத்தினம் பெருமூச்சு விட்டார். “திங்கக்கிழமை கிருசாந்திக்கு ஒப்பரேசன் எல்லே, பிள்ளை?”

அன்பாகத்தான் கேட்டார். சாரங்கா ஸ்கூட்டியை எடுத்தாள்.

*

குழுவின் பெயரிலும் ஒரு பனர் கட்டத்தான் வேண்டும். கட்டாவிட்டால் செத்தவனை மதிக்கவில்லை என்று ஊர் கதைக்கும். சாரங்கா நேரே பிரதாபனின் பனர் கடைக்குப் போனாள்.

“தம்பி, மூக்கனுக்கு அவசரமா ஒரு பனர் அடிக்க வேணும்.”

“இண்டைக்கு ஏலாதக்கா. பிறின்டர் விடியவிலயிருந்து பழுது. யாழ்ப்பாணத்திலயிருந்து ஆள் வரவேணும்.”

“அப்ப ராசண்ணை எங்க அடிச்சவர்?”

“இஞ்சதான். அது நேற்றுப் பின்னேரம் அடிச்சது.”



“எப்ப எண்டு சொன்னனீ?”

“நேற்றுப் பின்னேரம்!”

“பிரதாபன்... மூக்கன் செத்தது இண்டைக்குக் காலமை!”



“அக்கா, சும்மா பகிடி விடாதேங்கோ...”

“மறைவுத் திகதி இண்டையான் திகதிதானே போட்டிருக்கு? நேற்று ஓடர் தரேக்க நீ கேக்கேல்லையோ, ஏன் நாளையான் திகதி எண்டு?”

“நான் அவுஸ்திரேலியா எண்டு நினைச்சனக்கா!”

“என்னது?”

“பனர் அடிக்கிறதில அரைவாசி வெளிநாட்டுச் சாவுதானே. அங்க எங்களுக்கு முந்தி விடியும். அப்பிடி நாளையான் திகதியோட எத்தினை அடிச்சிருக்கிறன்! கனடா எண்டா முதல் நாள், அவுஸ்திரேலியா எண்டா அடுத்த நாள். நாங்கள் எழுத்துப்பிழை மட்டும்தான் பாக்கிறனாங்கள்... ஐயோ, மூக்கண்ணை எண்டு எனக்குத் தெரியாதக்கா! பனரில பதிவுப்பேர், படத்தில மொட்டைத்தலை. எப்பவும் தொப்பியோடதானே பாத்தனான்!”

சாவுக்கு முந்திக்கொண்டு பனர்!

ஊரில் முதல் ஆளாகக் கட்டவேண்டும் என்ற பெருமை. அந்தப் பெருமைதான் மனிசனைக் காட்டிக் கொடுத்து...

ட்ரிங்... ட்ரிங்...

ராஜரத்தினம்!

“பிள்ளை, எங்க நிக்கிறாய்?”

“மில்லில... மில்லில நிக்கிறன் அண்ணை.”

“அப்பிடியே?” மறுபக்கம் மெல்லச் சிரித்தது. “உன்ர ஸ்கூட்டி பிரதாபன்ர கடை வாசல்ல நிக்குதே?”

சாரங்கா திடுக்கிட்டுத் திரும்பினாள்.

தெருவின் அந்தப்பக்கம் ராஜரத்தினத்தின் வான்! சாரதி இருக்கையில் அவரே இருந்தார். பக்கத்து இருக்கையில்...

கிருசாந்தி!

“மிஸ் வந்திட்டா. கேள்வி கேட்டால் பதில் சொல்லட்டும் எண்டு இவளையும் ஏத்தினனான். வா பிள்ளை, பின்னால வா.”

வான் கிளம்பியது.

“கடவுளே!” சாரங்கா ஸ்கூட்டியில் பாய்ந்தாள்.

*

கொட்டகைக்குள் ஒரு மேசை போட்டிருந்தார்கள். காப்புறுதிக் கொம்பனி தயாளினி மிஸ் கதிரையில் இருந்தாள். முகத்தில் சிரிப்பில்லை. மிசினுக்குப் பக்கத்தில் அஸ்மின். மூலையில் ஒரு வாங்கில் கிருசாந்தி உட்கார்ந்திருந்தாள், நெஞ்சைப் பிடித்தபடி.

சாரங்கா வாசலுக்கு வந்தாள்.

“செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா, பிள்ளை,” என்றார் ராஜரத்தினம். “செத்த இடமெல்லே.”

அவள் கால் தானாகக் கழற்றப் போனது.

சட்டென்று நின்றது.

எத்தனை சாதாரணமான சொல்! யார்தான் மறுப்பார்கள்? கோயிலென்றாலும் பூசையென்றாலும் சாவீடென்றாலும் யோசிக்காமல் கழற்றுகிற சனம். மூக்கனும் அப்படித்தான் கழற்றியிருப்பான்.

“இல்லை அண்ணை. நான் செருப்போடயே வாறன்.”

ராஜரத்தினத்தின் முகம் கறுத்தது. அஸ்மின் முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

தயாளினி தாளையும் பேனையையும் நீட்டினாள். “தலைவி நீங்கள்தானே? இது விபத்து எண்டு குழு ஒத்துக்கொள்ளுதோ? ஓமெண்டால் வையுங்கோ.”

சாரங்கா பேனையை வாங்கினாள்.

ஒரு கையெழுத்து. வைத்தால் திங்கட்கிழமை கிருசாந்திக்கு ஒப்பரேசன். வைக்காவிட்டால்...

கிருசாந்தி அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். அந்த நீல உதடு!

மூக்கனுக்குத்தான் ஆருமில்லையே, ஆர் கேட்கப் போகிறார்கள் என்று ஒரு குரல் சொன்னது. அது தன் குரல்தான் என்று தெரிந்தபோது அவளுக்குத் தன்மீதே அருவருப்பு வந்தது.

“வையன் பிள்ளை. ஏன் மெனக்கெடுறாய்?”

பேனை மேசையில் விழுந்தது.

“மாட்டன்!”

“என்ன?”

“இது விபத்தில்லை, மிஸ். கொலை! இந்தா தொங்குதே பனர்... அது நேற்றுப் பின்னேரம் அடிச்சது! இண்டைக்குச் சாகப்போறவனுக்கு நேற்றே ஓடர் குடுத்திருக்கிறார். பிரதாபனைக் கேளுங்கோ!” குரல் உடைந்தது. “எங்களை வெட்டிறதெண்டா வெட்டுங்கோ... கிருசாந்தி, என்னை மன்னிச்சுக்கொள்ளடி...”

அவள் அழுதுவிட்டாள்.

“விசர்! முழு விசர்!” ராஜரத்தினம் கத்தினார். “சேர், இவவுக்கு மூளை பிசகிப்போட்டுது!”

அஸ்மின் ஆறுதலாக முன்னால் வந்தார்.

“பொறுங்கோ முதலாளி. இந்த மிசின்ர எர்த் வயரைக் கழட்டி, ட்ரிப் சுவிச்சைத் தாண்டி ஆரோ மிசின் இரும்புக்கே நேரா வயர் குடுத்திருக்கு. பூசையெண்டு சொல்லி நிலத்தை நனைச்சிருக்கு. செருப்பைக் கழட்டச் சொன்னது ஆர்?”

“நான் சொல்லேல்ல! அவனாக் கழட்டினவன்! நான் சொன்னனான் எண்டு ஆர் சாட்சி? செத்தவன் வந்து சொல்லுவானோ?”

“ஓம்,” என்றார் அஸ்மின். “சொல்லுவான்.”

சட்டைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார். வீடியோ அழைப்பு. திரையைத் திருப்பினார்.

ஆஸ்பத்திரிக் கட்டில். இரண்டு கையிலும் வெள்ளைக் கட்டு. கட்டுகளுக்கு நடுவே, ஒரு மொட்டைத்தலை!

“மூக்கா!!!” சாரங்கா அலறினாள்.

“ஓமக்கா... நான்தான்...” குரல் ஈனமாக வந்தது. “முதலாளிதான் சொன்னவர்... பூசை போட்ட மிசின், செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாடா எண்டு...”

“அம்புலன்ஸ் பொடியள் வழியில நெஞ்சை அமத்தி அமத்தி உயிரைத் திருப்பிப் போட்டாங்கள்,” என்றார் அஸ்மின். “நான்தான் ஒருதருக்கும் இதைச் சொல்லவேண்டாம் எண்டு ஆஸ்பத்திரிக்குச் சொன்னனான். பூசைக்குச் செருப்பைக் கழட்டச் சொல்லுறது குற்றமில்லையே. நேற்றே சாவைத் தெரிஞ்சிருந்தவர் எண்டதுக்கு எனக்கு ஒரு அத்தாட்சி வேண்டியிருந்தது. தங்கச்சி கொண்டுவந்திட்டா.”

ராஜரத்தினம் வாசலைப் பார்த்துப் பாய்ந்தார். மஞ்சள் தண்ணீரில் வெறுங்கால் வழுக்கியது. தான் நனைத்த நிலத்திலேயே மல்லாக்க விழுந்தார். அஸ்மின் குனிந்து விலங்கைப் பூட்டினார்.

“ஐயோ... இடுப்பு! என்ர இடுப்பு முறிஞ்சு போச்சு!”

“குழுவில நீங்களும் சேந்தனீங்களோ?” தயாளினி கேட்டாள்.

“எனக்கேன் வீண்செலவு எண்டு சேரேல்லை, மிஸ்...”

“அச்சாக் கதை!”

சாரங்கா கண்ணைத் துடைத்தாள். “மிஸ்... எங்கட குழு?”

“நீங்கள் கையெழுத்து வைச்சிருந்தால் கள்ளக் கிளெய்முக்கு உடந்தை எண்டு எல்லாரையும் வெட்டித்தான் இருப்பம். நீங்களே மறிச்சுப்போட்டியள். இப்ப உரித்தாளி எண்ட இடத்தில இவற்ர பேரை மட்டும்தான் வெட்டவேணும். திங்கக்கிழமை பிள்ளையை நேரத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.”

கிருசாந்தி ஓடி வந்து சாரங்காவைக் கட்டிக்கொண்டாள்.

“ஓடாதையடி எண்டு எத்தினை தரம் சொல்லுறது!” சாரங்கா திட்டிக்கொண்டே அழுதாள்.

“மூக்கன்,” தயாளினி தொலைபேசியைப் பார்த்துக் கேட்டாள். “ஆஸ்பத்திரியில இருக்கிற ஒவ்வொரு நாளுக்கும் உங்களுக்குக் காப்புறுதிக் காசு வரும். இந்தக் குழுவின்ர முதல் கிளெய்ம் உங்கடதான். வேற ஏதும் வேணுமோ?”

“சேர்... போனை அந்தப்பக்கம் கொஞ்சம் திருப்புங்கோ. வாசல்ல தொங்கிறது என்ர படமோ?”

அஸ்மின் திருப்பினார். மூக்கன் தன் கண்ணீர் அஞ்சலியைத் தலையிலிருந்து கால்வரை வடிவாகப் பார்த்தான்.

“அக்கா, அதைக் கிழிக்காமல் கழட்டி வையுங்கோ. என்ர கொட்டில் கூரை ஒழுகுது!”