மூன்று பூங்காவிலும் ஒரே ஆள்

எளாவூர் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த அந்தப் பூங்காவின் வாசலில் நான் காரை நிறுத்தியபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பலகையில் எழுதியிருந்ததால்தான் அது பூங்கா. பெயின்ட் உரிந்த ராட்டினம், பாசி பிடித்த நீச்சல் குளம், தாடை உடைந்து கம்பி தெரிகிற சிமென்ட் டைனோசர். இதைப் பார்க்க ஜனங்கள் வேன் பிடித்து வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

என் பெயர் தானியேல். பழவேற்காடு பஸ் நிலையத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். அன்று என் காரில் வந்தவர் இளவழகன், துறைமுகத்துக்குக் கூலியாள் அனுப்பும் காண்டிராக்டர். குப்பத்தில் பிறந்து, மீன் வாசனைக்கு மூக்கைப் பொத்துகிற ஆளாக வளர்ந்தவர். காரில் ஏறியதும் சீட்டைத்தான் முதலில் முகர்ந்து பார்ப்பார். பின்னால் அவர் மனைவி ஜமுனாவும் மகள் வினோதினியும் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைக்கு அன்று பிறந்தநாள். ஏழு வயது.

ஜமுனா ஏரிக்கரைப் பெண். அவளுடைய அப்பா மாசிலாமணி வலையும் படகும் இல்லாதவர். ஏரியில் முழங்கால் போட்டு, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார். அந்த மாமனாரை இளவழகன் ஒருநாளும் சொந்தமென்று காட்டிக்கொண்டதில்லை. எதிரே வந்தால் வேறு பக்கம் பார்ப்பார். பேத்தி பிறந்ததும் கிழவர் பார்க்க வந்து வெயிலில் நின்று திரும்பிப் போனதை ஊரே பார்த்தது. அப்புறம் மாசிலாமணி ஏரியை விட்டுவிட்டு எங்கேயோ வேலைக்குப் போனார். போன சித்திரையில் அவர் உடம்பு ஒரு வேனில் வந்து சேர்ந்தது. வெயில் தாங்கவில்லை என்றார்கள். அடக்கத்துக்கு ஜமுனா தனியாகப் போனாள். துக்கம் விசாரித்தவர்களிடம், முன்பு வீட்டில் வேலை செய்த ஆள் என்று இளவழகன் சொன்னாராம்.

ஒரே நாளில் மூன்று பூங்காக்கள் பார்க்க வேண்டும் என்று கேட்டது ஜமுனாதான். எந்தெந்தப் பூங்கா என்று பெயர் சொன்னதும் அவள்தான். வேஷம் போட்ட பொம்மைகளைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளக் குழந்தை ஆசைப்படுகிறது என்றாள்.

எனக்கு அந்த வேஷக்காரர்களைக் கண்டாலே இளக்காரம். வளர்ந்த மனிதன் பஞ்சு மூட்டைக்குள் புகுந்துகொண்டு காதை ஆட்டுகிறான். குழந்தை சிரித்தால் போகட்டும். பக்கத்தில் நின்று அப்பன்காரனும் பல்லைக் காட்டுகிறானே, அதைத்தான் சகிக்க முடியாது.

முதல் பூங்காவில் கரடி. மஞ்சள் நிறம், ஒரு காது தொங்கியிருந்தது. வாசலில் அத்தனை குழந்தைகள் இருந்தும் அது நேராக வினோதினியிடம் வந்தது. ஆடவில்லை, கைகுலுக்கவில்லை. மெதுவாக முழங்கால் போட்டது. இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, சிமென்ட்டைத் தடவிக்கொண்டே முன்னால் வந்தது. குழந்தையின் பாதம் கையில் பட்டதும் நின்றது. பாதத்தை அப்படியே பிடித்துக்கொண்டது.

வினோதினி கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். ஜமுனா சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் வாசனை வந்தது. வியர்வை நாற்றம் இல்லை. உப்பும் அழுகிய பாசியும் கலந்த ஏரிச் சேற்று வாசனை. ஏரி அங்கிருந்து சில மைல் தள்ளி.

“குளிக்கவே மாட்டானுங்க போல” என்றார் இளவழகன், கரடியின் காதில் விழட்டும் என்றே.

நான் டீ குடிக்கக் கேன்டீன் பின்பக்கம் போனேன். அங்கே நரைத்த மீசைக்காரர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து டீ ஆற்றிக்கொண்டிருந்தார். கழுத்துக்குக் கீழே மஞ்சள் கரடி. கரடித் தலை மடியில் இருந்தது. ஒரு காது தொங்கியிருந்தது. இன்னும் வேலைக்கே இறங்கவில்லை, இப்போதுதான் உடுத்தினேன் என்றார். எத்தனை கரடி இருக்கிறது என்று கேட்டேன்.

“ஒண்ணுதான். இந்த லட்சணத்துக்கு ரெண்டு வேற வாங்குவானுங்களா?”

வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறவன் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்படி நினைப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

இரண்டாவது பூங்கா கும்மிடிப்பூண்டிப் பக்கம். கொட்டகை முழுக்க ஏசி, பிளாஸ்டிக் மரம், மோட்டார் வைத்த அருவி. இங்கே முயல். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். அருவிக்குப் பின்னாலிருந்து வந்து, அதேபோல முழங்கால் போட்டு, தரையைத் தடவத் தொடங்கியது.

இரண்டு கைகளும் வெளிப்பக்கமிருந்து உள்பக்கமாக, மெதுவாக வளைத்துக்கொண்டு வந்தன. ஏரியில் இறால் தடவுகிறவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். தப்பிக்க வழியில்லாமல் இறாலைச் சுற்றிவளைக்கிற கை அது.

இளவழகன் குனிந்து முயலின் மண்டையில் விரல் முட்டியால் தட்டினார்.

“உள்ள யார்டா?”

அரைக்குடத்தை அசைத்ததுபோல் உள்ளே தண்ணீர் அலம்பியது.

முயல் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. பெயின்டில் வரைந்த கண்தான். ஆனாலும் பார்த்தது. எழுந்து, அருவிக்குப் பின்னால் போய்விட்டது. போன வழியெல்லாம் ஈரம். சுவர்வரை போன ஈரம் சுவரோடு நின்றிருந்தது.

இளவழகன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். அங்கே ஹேமாவதி என்றொரு பெண் மேலாளர். புகாரைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்தது. இன்றைக்கு முயல் வேஷத்துக்கு ஆளே போடவில்லை என்றாள். அவர் சத்தம் போடவே, சாவியை எடுத்துக்கொண்டு எங்களை ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப்போனாள்.

“இத போட்டுனு இருந்தவரு சித்திரையில உள்ளயே மயங்கி செத்துட்டாரு சார். அதுலேர்ந்து யாரும் தொட மாட்றாங்க.”

கதவைத் திறந்தாள். முயல் ஆணியில் தொங்கியது. தோளில் தூசி படிந்திருந்தது.

முழங்கால் இரண்டிலும் ஈரச் சேறு.

காரை நான் நெடுஞ்சாலையில் ஏற்றினேன். பிறகு ஜமுனா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னாள். வேஷத்துக்கு ஆள் விடுகிற ஒருவன் மாசிலாமணியை மூன்று பூங்காக்களுக்கும் மாற்றி மாற்றி அனுப்பினானாம். குழந்தைகள் எல்லாம் கட்டிப்பிடிக்கிறார்கள், என் பேத்தியும் ஒருநாள் வருவாள், முகம் தெரியாததால் யாரும் தடுக்கமாட்டார்கள் என்று அவர் மகளிடம் போனில் சொல்லியிருக்கிறார். பேத்தியைக் கூட்டிப்போக இவள் ஒரு நாள் குறிப்பதற்குள் அவர் போய்விட்டார்.

“எங்க நைனா நின்ன எடத்துல என் புள்ள நிக்கணும்னு நெனச்சேன். வேற ஒண்ணுமில்ல” என்றாள்.

இளவழகன் சிரித்தார். நடுங்குகிற ஆள் சிரிக்கிற சிரிப்பு. எல்லாம் உன் அண்ணன் தம்பிகள் வேலை, என்னை அவமானப்படுத்தக் காசு கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள் என்றார். வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். அடுத்த இடத்துக்கு விடு, அவன் தலையைப் பிடுங்கி முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வீடு என்றார். பயத்தை ஒத்துக்கொள்வதைவிட அசிங்கம் அவருக்கு வேறில்லை. அந்த வீம்புக்குக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போனாரே, அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மூன்றாவது பூங்கா பழவேற்காட்டுக்குப் பக்கத்தில், ஏரிக்கரையிலேயே இருந்தது. சாயங்கால வெயில் தண்ணீரில் கிடந்தது. தொலைவில் பூநாரைகள் ஒரு கோடாக நின்றன. படகுத்துறை என்று நாலு சிமென்ட் படி கட்டி, வளைவு வைத்திருந்தார்கள்.

அந்த வளைவின் கீழ் இறால் நின்றது.

ஆள் உயர இறால். செக்கச்செவேலென்று வெந்த நிறம். உயிருள்ள இறால் எந்த நிறத்தில் இருக்கும் என்பதுகூடத் தெரியாத எவனோ தைத்தது. மீசை இரண்டும் வளைந்து தொங்க, வாயில் மனிதச் சிரிப்பு வரைந்திருந்தார்கள். ஆயுசு முழுக்க இறாலோடு கிடந்த மனிதரை இதற்குள் திணித்து, கையாட்டு என்று நிறுத்தியிருக்கிறார்கள். இதைவிட ஒரு மனிதனைக் கேலி செய்ய முடியாது.

இளவழகன் அதன் அருகில் போகவில்லை. பூங்கா ஆட்களைக் கூப்பிட்டு வந்து தலையைக் கழற்றச் சொல்லப்போவதாக அலுவலகம் பக்கம் வேகமாக நடந்தார். ஜமுனா என் பக்கம் திரும்பித் தண்ணீர் பாட்டில் கேட்டாள். நான் காரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவு நேரம்தான்.

வளைவின் கீழ் யாரும் இல்லை.

இறாலும் குழந்தையும் கைகோத்துக்கொண்டு படியில் இறங்கிவிட்டிருந்தார்கள். தண்ணீர் குழந்தைக்கு நெஞ்சளவு. இறால் முழங்கால் போட்டது. குழந்தையும் போட்டது.

சிவப்பு மீசை இரண்டும் தண்ணீருக்குள் போயின.

குழந்தையின் தலையும் போனது.

ஒரு குமிழிகூட வரவில்லை.

என் கத்தலைக் கேட்டு இளவழகன் ஓடிவந்து ஷூவோடு ஏரியில் இறங்கினார். நானும் இறங்கினேன். எங்களுக்கு இடுப்பளவு தண்ணீர், குழந்தை எங்கே போய்விட முடியும்? ஆனால் சேறு கலங்கி உள்ளே ஒன்றும் தெரியவில்லை. இளவழகன் முழங்கால் போட்டார். தாடைவரை தண்ணீரில் அமிழ்ந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவினார். கையில் பாசி வந்தது, சிப்பி வந்தது. வினோ, வினோ என்று குரல் உடைந்து அழுதார். அவர் மூக்கைப் பொத்துகிற கைக்குட்டை தண்ணீரில் மிதந்து போய்க்கொண்டிருந்தது.

ஜமுனா கடைசிப் படியில் நின்றிருந்தாள். அவள் முகத்தில் கண்ணீர் வழிந்தது, குரலில் இல்லை.

“கூப்டு அவர.”

அவர் புரியாமல் பார்த்தார்.

“மாமான்னு கூப்டு. ஒரு தபா கூட நீ கூப்ட்டதில்ல. கூப்ட்டு கேளு, குடுப்பாரு.”

புருஷனை அவள் நீ என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

இளவழகன் கரையைப் பார்த்தார். பூங்கா ஆட்களும் சுற்றிப் பார்க்க வந்தவர்களும் கூடிவிட்டார்கள். அதில் அவரிடம் வேலை செய்கிற இரண்டு பேரும் இருந்தார்கள். அந்த நிலையிலும், மகள் தண்ணீருக்கடியில் இருக்கும்போதும், யார் யார் பார்க்கிறார்கள் என்று அவர் பார்த்ததை நான் கண்ணால் கண்டேன்.

அப்புறம் தலையைத் தாழ்த்தி, தண்ணீரிடம் சொல்வதுபோல் சொன்னார்.

“மாமா. புள்ளைய குடுத்துடுங்க.”

ஏரி அசையவில்லை.

அவர் உடம்பு ஒரு முறை குலுங்கியது. கையை மேலே இழுத்தார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வினோதினி எழுந்தாள்.

இருமவில்லை, அழவில்லை. பாவாடை நனைந்திருந்தது. தலைமுடி காய்ந்திருந்தது. காலையில் வைத்த மல்லிகைப்பூகூட வாடாமல் இருந்தது. அப்பா ஏன் அழுகிறார் என்று என்னைக் கேட்டாள். அந்த இறால் எங்கே என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“உள்ள யாருமே இல்ல மாமா. வாய் வழியா பாத்தேன். தண்ணி தான் இருந்துது.”

கரையிலிருந்தவர்கள் ஏரியை இருட்டும்வரை துழாவினார்கள். வேஷத் துணியில் ஒரு நூல்கூடக் கிடைக்கவில்லை.

இத்தோடு அந்த மனிதர் திருந்தியிருப்பார் என்று நினைப்பீர்கள். ஒரு வாரம்தான். அப்புறம், குழந்தை படியில் வழுக்கி விழுந்தாள், நான் குதித்துக் காப்பாற்றினேன் என்று சொல்ல ஆரம்பித்தார். அவர் மாமா என்று கூப்பிட்டதைக் கேட்ட இரண்டு பேரையும் வேலையை விட்டு நிறுத்தினார். என்னிடம், ஏரியைப் பற்றி எங்கேயாவது உளறினால் உன் காருக்கு வேறு சவாரி தேடிக்கொள் என்றார். நான் சரியென்று தலையாட்டிவிட்டு, மனதுக்குள் காறித் துப்பினேன்.

மாசி மாதத்தில் ஒரு காலை. துறைமுகச் சாலையில் அவருடைய தகரக் கொட்டகை. வேலைக்குப் போகிற ஆட்கள் வரிசையாக நின்றார்கள். இரும்பில் மணலடித்துத் துரு எடுக்கிறவர்கள் அவர்கள். தலைமுதல் கால்வரை மூடிய தடித்த உடுப்பு, முகத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு. இளவழகன் கொட்டகை வாசலில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் முகமூடியைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். நான் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் நின்ற ஆள் முகமூடியைத் தூக்கவில்லை.

“ஏய், மூஞ்சிய காட்டு.”

அந்த ஆள் அசையவில்லை. கையுறை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மழை பெய்து நாளாகியிருந்தது.

மெதுவாக ஒரு கையைத் தூக்கி, குழந்தைகளுக்கு ஆட்டுவதுபோல் இப்படியும் அப்படியும் ஆட்டியது.

வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, இளவழகன் நாற்காலியை விட்டு எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலியைத் துடைத்தார். ஒதுங்கி நின்றார்.

“உக்காருங்க மாமா” என்றார். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

அந்த உடுப்பு நடந்து போய் உட்கார்ந்தது. கண்ணாடித் துண்டுக்குப் பின்னால், பாதி உயரத்துக்கு, கலங்கல் தண்ணீர் தளும்பி நின்றது.

நாற்காலி பாரம் தாங்காமல் முனகியது.