இரண்டாவது டிஸ்க்

காலை ஆறரை மணிக்குத் தியேட்டரின் பக்கக் கதவைத் திறந்துவிட்டவர் மேனேஜர். சாவியை என் கையில் கொடுக்க மனமில்லாமல் புரொஜெக்டர் அறைவரை தானே மாடியேறி வந்தார்.

"பதினோரு மணிக்கு முதல் ஷோம்மா. அன்னிக்குப் பண்ண மாதிரி எதையாச்சும் பண்ணி வச்சிடாத."

"அன்னிக்கு நான் பண்ணல சார்."

"செத்தவர் மேல பழி போடாதம்மா, பாவம்" என்றபடி இறங்கிப் போனார். பழி சுமக்க உயிரோடிருக்கிற நான் ஒருத்தி போதாதா?

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். படங்களை வைத்திருக்கும் சர்வரில் நான்கு டிஸ்க்குகள் வரிசையாகச் செருகியிருக்கும். ஒன்று செத்தால் பயமில்லை. புதியதைச் செருகினால், மற்ற மூன்றும் சேர்ந்து கணக்குப் போட்டு, போனதை எல்லாம் அதில் எழுதிவிடும். எழுதி முடியும்வரை அந்த மூன்றில் ஒன்றைக்கூடத் தொடக்கூடாது. தொட்டால் மொத்தமும் போச்சு.

நான்கு வருடங்களுக்கு முன், அரங்கு நிறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது டிஸ்க் செத்தது. இங்கே ஆபரேட்டராக இருந்த என் கணவர், அவசரத்தில் நன்றாக இருந்த இரண்டாவதை உருவினார். திரை இருண்டது. கீழே கூச்சல் எழுந்ததும், உதவிக்கு நின்ற என்னைக் கைகாட்டிவிட்டார். அன்று மாலையே இதே அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பொண்டாட்டி செய்த தப்பில் மனசு உடைந்து போய்விட்டார் என்று சொந்தமெல்லாம் பேசியது. நானும் அழுதேன். பாதி துக்கம், பாதி ஆத்திரம்.

இந்த மாதம் மட்டும் அதே மூன்றாவது டிஸ்க் மூன்று முறை செத்துவிட்டது. முதல் இரண்டு முறை வந்த டெக்னீஷியன்கள் ஒரே கதையைச் சொல்லிவிட்டு ஓடியிருக்கிறார்கள்: எழுதிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் இருந்த நல்ல டிஸ்க் தானாக வெளியே வந்ததாம். வேறு ஆள் கிடைக்காமல்தான், இப்போது இதே பழுதுவேலை பார்க்கும் என்னைக் கூப்பிட்டார்கள். இன்றும் சொதப்பினால், அன்றும் இவள்தான் என்று முத்திரை குத்திவிடுவார்கள். நான் விடுவதாக இல்லை.

சிவப்பு விளக்கு எரிந்த மூன்றாவதை உருவிவிட்டுப் புதியதைச் செருகினேன். சர்வர் எழுதத் தொடங்கியது. ஜன்னல் இல்லாத அறை அது. வெளியே வெயில் ஏறுவது உள்ளே தெரியாது. விசிறிகளின் இரைச்சல் மட்டும் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

சர்வரின் சின்னத் திரையில் நாற்பது சதவீதம் வந்தபோது இரைச்சல் ஒரு கணம் அடங்கியது.

புதினா மிட்டாயும் சிகரெட்டும் கலந்த வாசனை வந்தது. என் கணவர் சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் முகர்ந்த வாசனை.

கழுத்துக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

க்ளிக்.

இரண்டாவது டிஸ்க்கின் பிடி தானாகத் திறந்தது.

பாய்ந்து உள்ளங்கையால் அழுத்தினேன். டிஸ்க் வெளியே வரப் பார்த்தது. என் கைக்கும் அந்தப் பிடிக்கும் நடுவே, ஐஸ் கட்டி மாதிரி சில்லென்று நான்கு விரல்கள் நுழைந்தன.

"நீ தொடாத" என்றது காதோரம் ஒரு குரல். உயிரோடிருந்தபோது தினமும் கேட்ட அதே வார்த்தை.

பொய் சொல்வானேன், ஓடிவிடத்தான் தோன்றியது.

"கைய எடுங்க" என்றேன்.

அந்தச் சில்லிட்ட விரல்கள் என் கையை இன்னும் இறுக்கின. விரல் எலும்பு நொறுங்குவது போல் வலித்தது.

"கைய எடு!"

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் குடும்பம் நடத்தியும் அவரை நான் ஒருமையில் அழைத்ததில்லை. "இது நல்ல டிஸ்க். அன்னிக்கும் இது நல்லாதான் இருந்துச்சு. உருவினது நீ. நான் இல்ல."

இழுப்பு நிற்கவில்லை. நான் தோளையும் முட்டுக்கொடுத்து நின்றேன். ஐம்பது. அறுபது. நெற்றி வியர்வை சொட்டிக்கொண்டிருந்தபோதே என் விரல்கள் மரத்துப்போயின. இரண்டரை மணி நேரம் அப்படியே நின்றேன். நூறு என்று திரையில் வந்ததும் அந்தச் சில்லிட்ட விரல்கள் ஒவ்வொன்றாக விலகின.

பதினோரு மணிக்குப் படம் ஓடியது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அரங்கில் பாதிக்குமேல் ஆட்கள் இருந்தார்கள். மேனேஜர் வாயெல்லாம் பல்லாக மேலே வந்தார்.

"கெட்டிக்காரிதான்மா நீ! ஐயோ, கை ஏன் இப்படிக் கன்னிப்போயிருக்கு?"

"ஒருத்தர் பிடிச்சுக்கிட்டாரு சார்."

அவர் சர்வீஸ் பதிவேட்டை மேசையில் வைத்துவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார். இந்தச் சர்வருக்கு நடந்த பழுதெல்லாம் அதில்தான் ஏறும். இன்றைய வேலையை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு நான்கு வருடத்துக்கு முந்தைய பக்கத்தைத் திருப்பினேன். "மனைவியின் கவனக்குறைவு" என்று என் கணவரின் கையெழுத்தில் இருந்தது. அதன் கீழே எழுதினேன்: "இது பொய். நல்ல டிஸ்க்கை உருவியவர் என் கணவர்."

ஈரம் காயாத எழுத்துகள் மேல், கண்ணுக்குத் தெரியாத கட்டைவிரல் ஒன்று இழுபட்டது. வரி முழுதும் நீலக் கறையாயிற்று.

அதன் கீழே மறுபடி எழுதினேன். அதுவும் கறையாயிற்று.

மூன்றாவது முறை, அடுத்த தாளிலும் பதியும்படி அழுத்தி எழுதத் தொடங்கினேன். பாதி வரியில் பேனா நின்றது. அதன் மறுமுனையை யாரோ பிடித்திருந்தார்கள்.

நான் விடவில்லை.