நாற்பது பேர் பார்த்த வகுப்பு

காலை 10.05. ஆன்லைன் வகுப்பு முடிந்து ஹெட்போனைக் கழற்றிய பன்னிரண்டு வயது மகள், தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். தரையில் அம்மா கிடந்தாள். கழுத்தில் துணி உலர்த்தும் கயிறு இறுகியிருந்தது.

10.50. பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். எதுவும் கண்ணுக்குத் தப்பாது என்பதால் ஸ்டேஷனில் அவருக்கு ‘ஊசிக்கண்’ என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது, பின்கதவு மட்டும் திறந்து கிடந்தது. திருடன் வந்துபோயிருக்க வேண்டும் என்றார் மாடியில் குடியிருக்கும் சித்தப்பா.

அவர் ஆன்லைன் கணக்கு வாத்தியார். அண்ணன் இறந்த பிறகும் மாடியைக் காலி செய்யாதவர். அண்ணி போன வாரம்தான் கெடு வைத்திருந்தாள். ஆனால் ஒன்பதிலிருந்து பத்து வரை நாற்பது பிள்ளைகள் அவரைத் திரையில் பார்த்திருக்கிறார்கள்.

“ஆன்லைன்ல இதான் மேடம் வசதி. ஒவ்வொரு நிமிஷமும் பதிவாயிடும்” என்று லேப்டாப்பை அவரே திருப்பி வைத்தார்.

ஊசிக்கண் இரண்டு பிள்ளைகளுக்கு போன் போட்டார். சார் நன்றாகத்தான் நடத்தினாராம். இன்று மட்டும் தொடக்கத்திலேயே எல்லோருடைய மைக்கையும் அணைத்துவிட்டு, சந்தேகங்களைக் கடைசியில் கேட்கச் சொன்னாராம்.

சிறுமி ஹெட்போனைக் கையிலிருந்து விடவில்லை. இனி அவளுக்கு இருக்கும் ஒரே சொந்தம் சித்தப்பா. இன்றே அவளை வெளியூர் கூட்டிப்போவதாகச் சொல்லி, பையைக்கூடக் கட்டி வைத்துவிட்டார்.

“ஏதாவது சத்தம் கேட்டுச்சா கண்ணு?”

“கேக்கல. ஹெட்போன் போட்டிருந்தேன். ஒன்பதே காலுக்கு கரண்ட் போச்சு, ஃபேன் நின்னுடுச்சு. கிளாஸ் முடியிற வரைக்கும் வரவே இல்ல. போன்லதான் படிச்சேன்.”

அவள் தோளில் இருந்த சித்தப்பாவின் கை இறுகியது. சிறுமி மூச்சை அடக்கிக்கொண்டாள். ஊசிக்கண் அதைக் கவனித்துக்கொண்டார்.

“எனக்கும்தான் போச்சு” என்றார் சித்தப்பா அவசரமாக. “லேப்டாப்ல சார்ஜ் இருந்துச்சு. நெட் எனக்கு எப்பவுமே போன்லருந்துதான்.”

“இன்வெர்ட்டர்?”

“இந்த வீட்ல ஏது மேடம்?”

11.40. ஊசிக்கண் பதிவை 9.30-க்கு நகர்த்தினார். திரையில் சித்தப்பா பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே ஊசிக்கண் விரலை வைத்தார்.

“வீட்டுக்கே கரண்ட் இல்லாத நேரத்துல, இது மட்டும் எப்படி சார் சுத்துது?”

சீலிங் ஃபேன். சித்தப்பாவின் முகம் வெளிறியது. மைக்குகளை அணைத்த கையோடு, முன்பே எடுத்து வைத்த பாடத்தை ஓடவிட்டு, வெளிப்படி வழியாகப் பின்கதவுக்கு இறங்கியிருக்கிறார். எதிரே பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இந்த வேலை நடக்காது. குறுக்கே கேள்வி கேட்க ஒரு பிள்ளைக்காவது வழி இருந்திருந்தால், அந்த அம்மா பிழைத்திருப்பாள்.

“முதல்ல பாப்பா மேலருந்து கைய எடுங்க.”

சித்தப்பாவை ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பிய பிறகு சிறுமி ஹெட்போனை நீட்டினாள். “இத போடாம இருந்திருந்தா, அம்மா கூப்பிட்டது கேட்டிருக்கும்ல?”

ஊசிக்கண் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். “கூப்பிட்டே இருக்க மாட்டாங்க கண்ணு. அந்த ஆள் முன்னாடி நீ வந்து நிக்கக் கூடாதுன்னுதான் நினைச்சிருப்பாங்க.”

இத்தனை வருட வேலையில், ஆதாரம் எதுவும் இல்லாமல் அவர் உறுதியாகச் சொன்னது அது ஒன்றுதான்.