முடி கேட்ட டிராகன்

அன்றைக்கு அப்பாவின் சலூனுக்கு விடுமுறை. முடி வெட்டும் சுழல் நாற்காலிதான் சிம்மாசனம். அதில் அண்ணன் அட்டைக் கிரீடத்தோடு, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இந்த விளையாட்டில் கதையை நடத்துபவள் அவன் தங்கை வாண்டு. எந்த அரக்கன் வருவான், எந்தப் பாலம் உடையும் என்பதெல்லாம் அவள் வாயில்தான் இருக்கிறது. என்ன செய்யலாம் என்று மற்றவர்கள் சொல்லிவிட்டுப் பகடையை உருட்ட வேண்டும்.

"கோட்டை வாசலில் டிராகன்!" என்றாள் வாண்டு.

"நான் போய் அதுகிட்ட பேசிப் பார்க்கிறேன்" என்றாள் மந்திரவாதி. தெருவில் அவளுக்குப் பெயர் கண்ணாடி.

"முடியாது" என்றார் ராஜா.

"அப்ப நான் குதிரையில போறேன்" என்றான் தளபதி குண்டூசி.

"முடியாது. குதிரை என்னோடது!"

காலையிலிருந்து இதே பாட்டுதான். கண்ணாடிக்கு வந்ததே கோபம்!

"எங்க கிளாஸ் லீடரையே ஓட்டுப் போட்டுத்தான் வச்சோம். உன்னை யாருடா ராஜாவாக்கினது?"

"ராஜாவுக்கு யாரு ஓட்டுப் போடுவாங்க? பொறக்கும்போதே ராஜா!"

"அப்ப நீயே தனியா ஆண்டுக்கோ. வாடா குண்டூசி, போகலாம்."

இருவரும் செருப்பைத் தேடினார்கள். இந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த அண்ணனுக்குக் கிடைத்த சிநேகிதர்களே இவர்கள் இரண்டு பேர்தான்.

"டிராகனை விட்டு அவனை முழுங்கச் சொல்லேன்!" என்று கண்ணாடி வாண்டுவின் காதில் கிசுகிசுத்தாள்.

சொல்லியிருக்கலாம். ஆனால் அண்ணனின் காது சிவந்திருப்பதை வாண்டு பார்த்துவிட்டாள். அழுகை வரப்போகும்போதுதான் அவனுக்கு அப்படி ஆகும்.

அவள் டிராகனைப் போலக் குரலைக் கட்டையாக்கிக்கொண்டாள். "ராஜாவே! உன் முடியைக் கொடு. இல்லாவிட்டால் நாட்டையே பொசுக்கிவிடுவேன்!"

ராஜா கதையில் முடி என்றால் கிரீடமல்லவா? அண்ணன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "முடியாது!"

"அட, அந்த முடி யாருக்கு வேண்டும்? தலைமுடியைக் கேட்டேன்! நெருப்புக் கக்கிக் கக்கி என் தலை வழுக்கையாகிவிட்டது. வெளியே தலைகாட்ட முடியவில்லை!"

குண்டூசி கையில் செருப்போடு விழுந்து விழுந்து சிரித்தான்.

"உன் ஒருவன் முடி போதாது" என்றது டிராகன். "எல்லாரும் ஆளுக்கு ஒரு பிடி தர வேண்டும். மனசாரத் தர வேண்டும்!"

"கொடுங்க! இது ராஜாவோட உத்தரவு!"

"முடியாது!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அண்ணன் மெதுவாக நாற்காலியிலிருந்து இறங்கி, அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"சரி... என்ன செஞ்சா தருவீங்க?"

"நான் டிராகன்கிட்ட பேசணும்."

"பேசு."

"குதிரை?"

"எடுத்துக்கோ."

"அடுத்த ஆட்டத்துல யாரு ராஜான்னு ஓட்டுப் போடணும்" என்றாள் கண்ணாடி.

அண்ணன் கிரீடத்தைத் தடவிப் பார்த்தான். "முடி..." என்று இழுத்தான்.

எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"...யும்! ஆனா எனக்கும் ஒரு ஓட்டு உண்டுல்ல?"

"உண்டு, உண்டு! முதலில் முடியைக் கொடு!" என்று உறுமியது டிராகன். குண்டூசி செருப்பை மூலையில் வீசிவிட்டுப் பகடையை உருட்டினான்.