எல்லோர் போனிலும் அஸார்

"என் வீட்டுக்காரர் எங்கேர்ந்து பேசுறார்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க" என்று ஹலீமா கேட்டதும் ரெங்கசாமிக்கு வழக்கம்போல ஆர்வம் தலைக்கேறிவிட்டது. அடுத்து அவள் சொன்னதைக் கேட்டதும் மனுஷனுக்குக் குளிரெடுத்தது.

"அவர் வேலை பார்த்த கப்பல் முங்கி நாற்பத்தோரு நாள் ஆச்சு."

தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது தஹ்மீனாவின் அலுவலகம். கம்ப்யூட்டர் வழியாக நடக்கும் தில்லுமுல்லுகளைத் துப்பறிவது அவள் தொழில். முப்பது வருஷம் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ரெங்கசாமி, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அவளிடம் உதவியாளராக ஒட்டிக்கொண்டவர். பேய்க்கதை என்றால் நடுங்குவார். ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் நடுங்குவார்.

ஹலீமாவின் ஊர் கொள்ளிடக் கரையில் இருந்தது. ஆண்களில் பாதிப் பேர் வளைகுடாவில். நினைத்த நேரம் பேச முடியாத வேலைகளில் இருப்பவர்கள் ஜமாஅத்தின் இணையதளத்தில் குரலைப் பதிவு செய்வார்கள்; வீட்டுக்கு லிங்க் வரும். போன ஞாயிற்றுக்கிழமை முதல் வந்த லிங்க்குகளில் யார் எதைத் தொட்டாலும் ஒரே குரல்தான் கேட்டது. அஸாரின் குரல்.

"கூட இருந்த ரெண்டு பேர் அவர் தண்ணிக்குள்ள போனதைக் கண்ணால பார்த்தாங்களாம். உடம்பு கிடைக்கல. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அப்புறம் மவுத்தானவங்களுக்குத் தொழுற ஜனாஸா தொழுகை நடத்தணும்கிறாங்க. உசுரோட பேசுறவருக்கு எப்படிங்க தொழுவாங்க? நான் சம்மதிக்க மாட்டேன்."

போனை மேசைமேல் வைத்துத் தொட்டாள்.

"பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம். நான் அஸார் பேசுறேன். நல்லா இருக்கேன். மேட்டூர் தண்ணி நம்ம வாய்க்காலுக்கு வந்துருச்சா? ஹலீமா, கவலைப்படாதே. வந்துருவேன்."

"இதை முன்னாடி கேட்டிருக்கீங்களா?" என்றாள் தஹ்மீனா.

"ஒரு தடவைகூட இல்லைங்க. அவர் அனுப்புனது அத்தனையும் எனக்கு மனப்பாடம்."

மறுநாள் காலை கிளம்பினார்கள். வழியெல்லாம் தை அறுவடை. வயலுக்கு வயல் அறுப்பு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஹலீமாவின் வீட்டில் பக்கத்து வீட்டு ஆசியாவும், இணையதளத்தைக் கவனித்துக்கொள்ளும் மீரா உசேனும் காத்திருந்தார்கள். செத்தவர் குரலை வைத்து விளையாடுகிறான் என்று ஊரே ஏசியதில் மீரா உசேன் தலையே நிமிரவில்லை.

"சத்தியமா நான் எதுவும் பண்ணலங்க. வயசானவங்களுக்காகப் பெரிய எழுத்துல, ஒரே பொத்தானோட புதுப் பக்கம் ஒண்ணு போட்டேன். அவ்வளவுதான்."

"எப்போ போட்டீங்க?"

"போன ஞாயித்துக்கிழமை."

தஹ்மீனா ஆசியாவிடம் திரும்பினாள். "மாமி, ரெண்டு மாசத்துக்கு முன்னாடி வந்த லிங்க் ஏதாவது இருக்கா? அதைத் தொடுங்க."

ஆசியா பயந்து பயந்து தொட்டாள். அவள் மகன் பேசினான், இரண்டு மாதத்துக்கு முந்தைய செய்தி. புதிய லிங்க்கைத் தொட்டாள். அஸார் பேசினான். அதே நேரம் தெருவில் இன்னொரு வீட்டிலிருந்தும் அதே குரல், அதே வார்த்தைகள். ரெங்கசாமி தன் நாற்காலியைத் தஹ்மீனாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தஹ்மீனா இரண்டு லிங்க்குகளையும் நிதானமாகப் படித்தாள். "பழைய முகவரி கடைசியில ஒரு கேள்விக்குறி, அதுக்கப்புறம் பதினேழுன்னு எண். அது உங்க மகன் பதிவோட எண். புதுப் பக்கம் இதே மாதிரி முழு முகவரியையும் தன் முகவரிக்குள்ள வெச்சு வாங்கிக்குது. ரெங்கசாமி சார், அந்தக் காலத்துல வளைகுடாவிலேர்ந்து ஒரே கவர்ல நாலு வீட்டு லெட்டர் வருமே?"

"ஆமாமா, வரும். உள்ள வைக்கிறதைத் தனிக் கவர்ல போட்டு ஒட்டணும். சும்மா மடிச்சு வெச்சா, பிரிக்கிறவங்க தனக்குத்தான்னு படிச்சுருவாங்க."

"இங்கேயும் அதான் நடந்தது. மீரா உசேன் உள் முகவரியை ஒட்டாம வெச்சுட்டார். கேள்விக்குறியையும் எண்ணையும் புதுப் பக்கம் தனக்கு வந்ததுன்னு பிடிச்சுக்கிச்சு. பழைய தளத்துக்கு எண்ணில்லாத மொட்டை முகவரிதான் போகுது. எண் வரலைன்னா அது முதல் பதிவைப் போடும்."

"அந்த முதல் பதிவு ஏன் அஸாரோடதா இருக்கணும்?" ரெங்கசாமி விடவில்லை.

"இது பிஸ்மி சொல்லி ஆரம்பிக்குது. மாமி மகன் பதிவுல அது இல்ல. எதையோ தொடங்கி வெச்ச பேச்சு."

மீரா உசேன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அட அல்லாவே! போன ஆனி மாசம் தளத்தை ஆரம்பிச்சப்போ, நல்ல குரல்ல பிஸ்மி சொல்லித் தொடங்கணும்னு பெரியவங்க சொன்னாங்க. அஸார் அண்ணனைத்தான் அங்கேர்ந்து பேசி அனுப்பச் சொன்னோம். சோதனைக்குப் போட்டதுங்க. யாருக்கும் அனுப்பல."

தஹ்மீனா ஹலீமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "எங்கேர்ந்து பேசுறார்னு கேட்டீங்க. போன ஆனியிலேர்ந்து பேசுறார்க்கா."

"அறுப்பு நேரத்துல ஏன் மேட்டூர் தண்ணியைக் கேட்கிறார்னு எனக்கும் தோணுச்சு" என்றாள் ஹலீமா. "தோணுனதை ஒதுக்கி வெச்சுட்டேன்."

மீரா உசேன் தயங்கினான். "ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிடலாம். ஆனா அதுக்கப்புறம் யார் போன்லயும் அண்ணன் குரல் வராது."

"இருக்கட்டும்ப்பா" என்றாள் ஆசியா. நேற்றுவரை பயத்தில் போனைத் தலையணைக்கடியில் ஒளித்து வைத்தவள்தான். "அந்தப் புள்ள குரல் எங்களுக்கு என்ன பாரமா?"

"உங்க மகன் பேச்சைக் கேட்டு ஒரு வாரம் ஆச்சு மாமி" என்றாள் ஹலீமா. "சரி பண்ணுப்பா."

மீரா உசேன் லேப்டாப்பில் ஏதோ தட்டினான். ஆசியா மறுபடி புதிய லிங்க்கைத் தொட்டாள்.

"உம்மா, மாத்திரை போட்டீங்களா? போட்டேன்னு பொய் சொல்லாதீங்க."

ஆசியா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பையன் பேசி முடிக்கும்வரை ஹலீமா அசையாமல் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை தொழுதுடச் சொல்லுங்க" என்றாள். அதற்கப்புறம்தான், நாற்பத்திரண்டு நாளில் முதல்முறையாக, வாய்விட்டு அழுதாள்.